செழியனின் நரம்பு

விபத்தில் இறந்த செழியனின் குதிகால் நரம்பிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த தந்திகளைத்தான் அந்தச் சாரங்கியில் கட்டியிருந்தார்கள். ஆட்டுக்குடல் தந்திக்குத் தடை வந்தபிறகு எல்லா ஊரிலும் இப்படித்தான். மேடையிலிருந்த ஊத் என்ற அரேபியத் தந்திக்கருவியிலும் கோரா என்ற ஆப்பிரிக்க யாழிலும் வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒலித்தார்கள். செழியனின் அம்மா தையல்நாயகிக்குச் சாரங்கி மட்டும்தான் காதில் விழுந்தது. அந்த இசைக்குழு மதுரைக்கு வரும்போதெல்லாம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

இம்முறை கச்சேரி முடிந்ததும் சாரங்கி வாசிக்கும் ஃபர்ஹானா அவளைத் தேடி வந்தாள்.

"இப்ப கட்டியிருக்கிறதுதாம்மா கடைசித் தந்தி. உங்க பையனோட திசு இனிமே வளராதாம். இது அறுந்துட்டா வேற யாரோடதாவது மாத்திருவோம்."

தையல்நாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற வழியே இல்லையாம்மா?"

"கூடப்பொறந்தவங்க நரம்புன்னா கிட்டத்தட்ட அதே நாதம் வரும். ஆனா முழு நரம்பும் வேணும், உயிரோட இருக்கவங்ககிட்ட எடுத்தா அப்புறம் காலை ஊனி நடக்க முடியாது. அதான் நாங்க யாரையும் கேக்குறதில்ல."

தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள். மாநில ஓட்டப்பந்தயத்துக்குத் தேர்வாகியிருந்த மகள் மதிவதனி, அம்மாவின் செருப்பைக் கூட்டத்தில் தேடி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். ஊரில் எத்தனையோ பேர் நொண்டிக்கொண்டே நன்றாகத்தான் வாழ்கிறார்கள் என்று தையல்நாயகிக்குத் தோன்றியது.

"போலாமாம்மா?" என்றாள் மதிவதனி.

"இரு கண்ணு," என்று தையல்நாயகி அவள் தலையை வருடினாள். "அண்ணன் உங்கிட்ட ஒண்ணு கேக்குறான்."