கொய்யாவின் குலம்

நூலகத்து அகராதியில் 'திஸ்ஃப்ருத்தார்' என்றொரு ஸ்பானியச் சொல் குடியிருந்தது. அனுபவித்து மகிழ்வது என்று அதற்குப் பொருள். கனியைக் குறிக்கும் லத்தீன் சொல்தான் அதன் முப்பாட்டன். அந்தப் பேரைச் சொல்லியே காலம் தள்ளிய சொல், ஒரு கனியையும் ருசித்ததில்லை.

இரக்கப்பட்ட அணில், பருவத்தின் கடைசிக் கொய்யாவைத் தான் தின்னாமல் கொண்டுவந்தது.

"ஒரு கடி கடிச்சுப் பாருங்கய்யா."

"பொறு. இது எந்த வம்சம்? போர்த்துகீசிய 'ஃப்ருத்தா' எனக்குப் பங்காளி. ஆங்கில 'ஃப்ரூட்' தூரத்து உறவு. கொய்யா எங்கள் வழியில் வரவில்லையே?"

"மரத்துலேருந்து வருதுங்கய்யா. ஈ மொய்க்குது, சீக்கிரம்!"

சொல் செவிகொடுக்காமல் மூதாதையரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் போயிற்று. அணில் பொறுத்துப் பார்த்தது. பிறகு விதையோடு தின்று முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

"கண்டுபிடித்துவிட்டேன்!" என்று வந்தது சொல். "எனக்கும் அந்தக் கனிக்கும் சம்பந்தமே இல்லை."

"அது பார்த்தாலே தெரியுதுங்கய்யா" என்றது அணில்.