பதிவாகாதவர்கள்

வெள்ளத்தில் சிக்கியவர்கள் படகு கேட்டுப் பதியும் இணையப் பக்கம் இந்த அறையிலுள்ள சர்வரில்தான் ஓடுகிறது. மேலாளர் திரையைத் தட்டிக் காட்டுகிறார். “எல்லாம் பச்சையாத்தானே இருக்கு? எதுக்கும்மா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” பொறியாளரான அவள் கைப்பேசியை ஸ்பீக்கரில் போடுகிறாள். “அக்கா, பக்கம் திறக்கவே மாட்டேங்குது. தண்ணி மாடிப்படிக்கு வந்துடுச்சு. உன் சர்வரும் உன்ன மாதிரியே, தம்பிய வாசல்லயே நிக்க வெக்குது.” தம்பி சிரிக்கப் பார்க்கிறான், அவனுக்குப் பின்னால் அவன் குழந்தை அழுகிறது. மேலாளரின் விரல் திரையிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே வந்தவர்களை மட்டுமே சர்வர் எண்ணுகிறது. காத்திருப்பு வரிசை நிரம்பியதும் அது திருப்பி அனுப்புகிறவர்களுக்குத் திரையில் சுவடே இல்லை. வரிசையின் வரம்பு, மழையில்லாத நாளொன்றில் யாரோ வைத்த சின்ன எண். அவள் அதைப் பெரிதாக்குகிறாள். சர்வரை நிறுத்தித் தொடங்கினால்தான் அது நடைமுறைக்கு வரும்.

“நிறுத்தினா, இப்ப விவரம் அனுப்பிட்டிருக்கிறவங்க இணைப்பு அறுந்துடும் சார்.”

“நிறுத்தலைன்னா?”

அவள் விசையை அழுத்துகிறாள். திரை வெறுமையாகிறது, குளிர்விசிறிகளின் இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்கிறது. பிறகு உள்ளே வருகிறவர்களைக் காட்டும் வரைகோடு செங்குத்தாக ஏறிச் சிவக்கிறது. பெயர்கள் வாசிக்க முடியாத வேகத்தில் ஓடுகின்றன. இத்தனை பேரும் இவ்வளவு நேரம் வெளியே நின்றிருக்கிறார்கள். “பதிஞ்சிடுச்சுக்கா!” தம்பி கத்துகிறான். “படகு எப்ப வரும்?” மேலாளர் ஓடும் பெயர்களிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லச் சொல்கிறார்: “படகு மொத்தமே ஆறுதாம்மா.” அவள் அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கிறாள்.