பாலத்தடியில் நின்ற வண்டி

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே, பழக்கடைத் தாழ்வாரத்தில் அன்று மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் மூன்று பேர்தான்: மாநகர சபையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ராஜலிங்கம், அவர் மகன் பிரதீஸ், கடைக்காரர் முனாப். நான்காவதாக, உயிர் போன ஒரு மோட்டார் சைக்கிள்.

மழைக்கோட்டுப் போடத்தான் பிரதீஸ் வண்டியை நிறுத்தினான். பிறகு ஸ்டார்ட் வரவில்லை. ஹெட்லைட் எரிந்தது, ஹோர்ன் அலறியது. எஞ்சின் மட்டும் முனகக்கூட இல்லை.

போன மாதம் கடுகண்ணாவை ஏற்றத்தில் இதே எஞ்சின் இறுகிப்போய், பின்னால் வந்த லொறியிடம் மயிரிழையில் தப்பியவன் அவன். கண்டி டீலர் வாரண்டியில் எஞ்சினைப் பிரித்து, உள்ளே எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார். இனிக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்றான் அந்த வேலையைப் பார்த்த மெக்கானிக் அமான். அந்த வார்த்தையை நம்பித்தான் இன்று தகப்பனைப் பின்னால் ஏற்றி வந்தான்.

கண்டிப் பதிவாளர் கந்தோரில் இன்னும் சற்று நேரத்தில் அவன் தங்கை நிஷாந்திக்கும் ரவிகுமாருக்கும் பதிவுத் திருமணம். அதைத் தடுக்கத்தான் இந்த ஓட்டம். ரவிகுமாரின் தகப்பன், கோயில் திருவிழாவில் ராஜலிங்கத்துக்கு வரவேண்டிய காளாஞ்சி மரியாதையைத் தட்டிப் பறித்தவர். அந்த வீட்டோடு சம்பந்தம் இல்லை என்று ராஜலிங்கம் ஊர் கூடியிருந்த கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை அவர் திருப்பி எடுத்ததில்லை.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம்ப்பா. ஒங்க மொகத்தக் கண்டாலே அவ கையெழுத்துப் போட மாட்டா," என்று காலையில் பிரதீஸ் சொன்னபோது, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஏறினார்.

பாலத்தின்மேல் பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் அசையாமல் அடைத்துக் கிடந்தன. இடுக்கில் நுழைந்து போக மோட்டார் சைக்கிளால் மட்டுமே முடியும். பிரதீஸ் பெருவிரல் நோக நோகப் பட்டனை அழுத்தினான். குனிந்து பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். எஞ்சின்மேல் விழுந்த சந்தேகம் வேறெங்கும் நகரவில்லை.

"டீலர்ட்ட விட்டா இப்பிடித்தான் தம்பி. ஒரு வருத்தத்த எடுத்திட்டு ரெண்டு வருத்தத்தப் போட்டுத் தருவானுகள்," என்றார் முனாப்.

சரிவில் வண்டி உருளாதபடி ராஜலிங்கம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முனாப் கதிரை கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. இந்த வயதில் அவரை இப்படி நடுத்தெருவில் நிற்க வைத்துவிட்டோமே என்று பிரதீஸுக்குக் கண் கலங்கியது. டீலரைக் கூப்பிட்டுக் கெஞ்சினான், பிறகு திட்டினான். வண்டியை ஏற்றிவரச் சொல்லிவிட்டு அவர்கள் போனை வைத்தார்கள்.

சற்றைக்கெல்லாம் வீட்டிலிருந்து அம்மா வடிவம்மா கூப்பிட்டாள். பிரதீஸ் கேட்டுவிட்டுப் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"முடிஞ்சிருச்சுப்பா. கையெழுத்துப் போட்டுட்டா."

ராஜலிங்கம் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழையில நனையாமப் போனாளாமா?"

அதிர்ச்சியில் ஏதோ பேசுகிறார் என்று பிரதீஸ் நினைத்தான். வீட்டுக்குப் போகலாம், இன்னொரு தரம் போட்டுப் பார் என்றார் அவர். தொட்டதும் எஞ்சின் உறுமியது. பிரதீஸ் டயரை ஓங்கி உதைத்தான்.

"இப்ப யாருக்குடா ஓடுற?"

மறுநாளே பேச்சு சந்தை முழுக்கப் பரவிவிட்டது: டீலரின் அரைகுறை வேலையால் வண்டி பழுதாகி நின்றது, அதனால்தான் ராஜலிங்கத்தின் மகள் கைமீறிப் போனாள். ஊரே அவருக்காகப் பரிதாபப்பட்டது. முனாபைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பிரதீஸ் டீலரிடம் போனான். தானும் வருகிறேன் என்று ராஜலிங்கமும் கூடவே வந்தார்.

வாடிக்கையாளர்கள் பார்த்திருக்க, பிரதீஸ் அமானின் சட்டையைப் பிடித்தான். எங்கள் குடும்ப மானத்துக்கு என்ன விலை என்று கேட்டான். வண்டியை ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறையும் தெரியவில்லை என்று அமான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மனேஜர் பிரதீஸிடம் மன்னிப்புக் கேட்டார். அமானை அப்போதே வேலையிலிருந்து நிறுத்துவதாகச் சொன்னார். அமான் முகம் வெளிறிப்போய், கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் வைத்தான்.

ராஜலிங்கம் முதுகு வளையாமல் முன்னே வந்து, மகனின் கையை அந்தச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டார்.

"வண்டியில பழுதில்ல. ஹேண்டில்ல இருக்கிற, எஞ்சின நிப்பாட்டுற செவப்பு சுவிட்ச்ச அமத்தி வச்சிருந்தது நான்தான்."