வேண்டாம் என்ற கை

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அவன் நேற்றைய ஃபைலைத் திறந்தான்.

இருபது வினாடி வீடியோ. மீனவர் சங்கம் ஒன்றுக்காகச் செய்த புயல் எச்சரிக்கை. நேற்று மாலையே அனுப்பியாகிவிட்டது.

“கடைசில பாருங்கண்ணே,” என்றாள் ஜெனிட்டா. “எங் கைய எங்க வெட்டியிருக்கிய?”

திரையின் வலது மூலையில், ஒரு வட்டத்துக்குள் அவள்தான் இருந்தாள். காது கேளாதவர்களுக்காகச் சைகை மொழியில் சொல்பவள். நேற்று இதே அறையில் நின்று, குரலைக் கேட்டுக் கேட்டுக் கைகளால் சொன்னாள்.

ஓட்டிப் பார்த்தான்.

இன்றும் நாளையும் கடலுக்குப் போக வேண்டாம்.

குரல் முடிந்தது. அதே ஃப்ரேமில் அவளும் மறைந்தாள். சங்கத் தலைவரின் படம் வந்தது.

சுத்தமான வெட்டு. குரல், எழுத்து, சைகை, எல்லா லேயரும் டைம்லைனில் ஒரே கோட்டில் முடிந்திருந்தன. நேற்று அதைப் பார்த்து ஒரு திருப்தியோடுதான் வீட்டுக்குப் போனான்.

“சரியாத்தானே இருக்கு?”

“கொரல் முடிஞ்சிட்டு. நான் முடிக்கல. கேட்டுட்டுத்தானே சொல்லுவேன், ஒரு எட்டு பின்னாலதான வருவேன். இன்னைக்கு, நாளைக்கு, கடல், போ. அதோட வெட்டிட்டிய. வேண்டாம்ங்கது சைகைல கடைசிலதான் வரும்.”

அவன் மறுபடி ஓட்டினான். போ என்ற கையோடு வட்டம் மறைந்தது.

“எங்க ஊரு பிரிட்டோவும் அவரு தம்பியும் விடியக்காலம் வள்ளத்தை எறக்கிட்டாவ. ரெண்டு பேருக்கும் காது கேக்காது. ரெண்டு நாளா கடலுக்குத் தடைன்னு வீட்டுல கெடந்தவிய. ஒங்க வீடியோவப் பாத்துட்டு, தடை போயிட்டுன்னு கெளம்பிட்டாவ.”

“கரையில யாருமே தடுக்கலையா?”

“தடைன்னா கரைல யாரு இருப்பா?”

“கீழ எழுத்துலயும் போட்டிருந்தேனே.”

“அவிய பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லண்ணே.”

அவன் திரையின் கீழே ஓடிய எழுத்தைப் பார்த்தான்.

“எட்டு ஊருக்குப் போயிருக்கு அது. மொதல்ல சரியானத அனுப்புங்க. நான் கரைக்குப் போறேன்.”

போனை வைத்துவிட்டாள்.

அவளுடைய லேயரின் முனையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தான். வெட்டியது எங்கும் போய்விடவில்லை. மறைந்துதான் கிடந்தது.

ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினான்.

போ என்ற கை தாழ்கிறது. மறுபடி எழுகிறது. உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்புகிறது. அசைகிறது. தலையும் அசைகிறது. கண்கள் அகன்று கேமராவையே பார்க்கின்றன.

முப்பத்தெட்டு ஃப்ரேம். ஒன்றரை வினாடி.

இடம் வேண்டும். கடைசி மூன்று வினாடி தலைவரின் படம். அதில் ஒரு பொட்டுக்கூடக் குறையக்கூடாது என்று சங்கத்தில் இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். அவன் யாரையும் கேட்கவில்லை. படத்தின் முன்பாதியை வெட்டினான்.

புது வீடியோவை ரெண்டர் ஆகவிட்டு ஜன்னலுக்குப் போனான்.

நல்ல வெயில். எதிர்மாடிக் கொடியில் ஒரு துணிகூட அசையவில்லை.

திரும்பி வந்தான். நாற்பது சதவீதம். உட்கார்ந்தான். எழுந்தான். தண்ணீர் குடித்தான். அறுபத்தொன்று.

ஒன்பது ஐம்பதுக்குச் சங்கத்துக்கு அனுப்பினான். முந்தையதைப் பார்க்க வேண்டாம், தப்பு என்னுடையது என்று கூடவே எழுதினான். எழுதிய பிறகுதான், அதையும் யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று உறைத்தது.

ஜெனிட்டாவைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

மறுபடியும் கூப்பிட்டான்.

ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்று பாதியில் நின்றிருந்தது. திறந்தான். பட்டுச் சேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. மூடினான்.

பதினொரு மணிக்கு அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினாள்.

“ஆன்றனி அண்ணன் வள்ளத்துல தேடிப் போறோம். நானும் போறேன். எட்டி நின்னு கூப்பிட்டா அவியளுக்குக் கேக்குமா? நான்தான் கையக் காட்டணும்.”

அந்தச் செய்தியை நாலு முறை கேட்டான். ஐந்தாவது முறை கேட்க முடியவில்லை.

நண்பகலுக்கு வெளிச்சம் மங்கியது. பக்கத்துக் கட்டடத்தின் தகரம் ஒருமுறை அடித்துக்கொண்டது. பிறகு விடாமல் அடித்தது. எதிர்மாடியில் ஒரு பெண் ஓடிவந்து துணிகளை அள்ளிக்கொண்டு போனாள்.

அவன் டைம்லைனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றையும் தொடவில்லை.

ஒன்று பத்துக்கு வீடியோ கால் வந்தது.

ஜெனிட்டாவின் முகம். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பின்னால் மழை.

“வந்துட்டோம். எல்லாரும் வந்துட்டோம்.”

அவன் திரையில் அவளுக்குப் பின்னால் இருந்தவர்களைத் தேடினான்.

“வலையை எடுக்க நேரமில்ல. வெட்டி விட்டுட்டுத்தான் வந்தாவ. போன மாசம் கடன்பட்டு வாங்கின வலை.”

“ஜெனிட்டா, நான்…”

“பிரிட்டோ ஒங்ககிட்ட பேசணும்ங்காரு.”

போன் திரும்பியது.

நாற்பது வயது இருக்கும். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் மணலில் தம்பி முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிரிட்டோ நேராக அவனைப் பார்த்தார். கைகளைத் தூக்கினார்.

வேகமாகத் தொடங்கின. ஒன்றை ஒன்று அறைந்தன. விரல்கள் கேமராவை நோக்கிக் குத்தின. விலகின. எதையோ அகல விரித்து, அறுத்து, தூர எறிந்தன.

“என்ன சொல்றாரு?”

“பாருங்க,” என்றாள் ஜெனிட்டா.

அவள் மொழிபெயர்க்கவில்லை.

பார்த்தான்.

கைகள் மெல்ல வேகம் குறைந்தன. ஒருமுறை தம்பியின் பக்கம் திரும்பின. நெஞ்சில் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு இறங்கின.

அவன் போனை வைக்கவில்லை. அந்தக் கைகள் சொல்ல இன்னும் ஏதாவது இருக்கலாம் என்று காத்திருந்தான்.