கைதட்டல் கேட்கும் கை

போரில் வலது கையை இழந்த ஹவில்தார் தணிகாசலத்துக்குச் செயற்கைக் கை பொருத்தினார்கள். அதைப் பழக்க, ராணுவ ஆஸ்பத்திரி அவரை வீடியோ கேம் போட்டிகளில் ஆடவிட்டது. அரங்கமே கைதட்டி ஆர்ப்பரிக்க ஆறு கோப்பைகளைத் தூக்கியதில் கைக்கு ஒரு குணம் வந்துவிட்டது. யாராவது கைதட்டினால்தான் அசையும்.

வீட்டில் அந்தப் பொறுப்பு மனைவி கோமளாவுக்கு. ஒரு கவளம் சோற்றுக்கு ஒரு கைதட்டல். சட்டை மாட்ட ஆறு தட்டு.

"எனக்கு இருக்கிறதே ரெண்டு கைதாங்க. சட்னி அரைக்கிறதா, உங்களுக்குத் தட்டுறதா?"

ஒருநாள் அவள் காய்ச்சலில் சுருண்டு படுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, வலது கையில் காபி டம்ளரோடு தணிகாசலம் கட்டிலருகே வந்து நின்றார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"யாரும் தட்டலடி கோமு! தானா வந்துடுச்சு!"

கோமளாவுக்குக் கண் கலங்கியது. எழுந்து உட்கார்ந்து, தன்னை மறந்து படபடவென்று கைதட்டினாள்.

கை சட்டென்று டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்து, கோப்பையைக் காட்டுவதுபோல் நாலு பக்கமும் ஆட்டியது. ஆறிப்போயிருந்த காபி தணிகாசலத்தின் மீசை வழியே சொட்டியது.

"நிறுத்துடி! நீ தட்டிக்கிட்டே இருக்கிற வரைக்கும் அது இறங்காது!"

கோமளாவால் சிரிப்பையும் நிறுத்த முடியவில்லை, கைதட்டலையும் நிறுத்த முடியவில்லை.