ஐயர் வீடு, ஐந்து மணி

“ஒங்க மவன் எழுதி வச்சிருக்கிற லட்சணத்தப் பாருங்க!”

சாலோமி நீட்டிய குட்டி நோட்டை அருமைநாயகம் வாங்கவில்லை. கையிலிருந்த பேப்பரையும் இறக்கவில்லை.

“அடுத்தவன் நோட்டப் படிக்கலாமாட்டி?”

“துவைக்கச் சட்டைய எடுத்தேன், விழுந்துச்சு. விழுந்தத எடுத்தேன், விரிஞ்சுச்சு. நான் என்ன செய்ய?”

அந்த நோட்டுக்கே காரணம் அவள்தான். பெனோவுக்கு மறதி அதிகம். கல்லூரிப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனவன். “எதுன்னாலும் எழுதி வச்சிக்கலே” என்று சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து கேஸ் சிலிண்டர் பதிவு, அப்பாவின் மூட்டுவலித் தைலம், பல் டாக்டர் எல்லாம் அதில்தான். வங்கி வேலைக்குப் போன பிறகும் எழுதுகிற பழக்கம் அவனை விடவில்லை. தற்செயலாகப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் அம்மாவையும் விடவில்லை.

“சரி, என்னதான் எழுதியிருக்கான்?”

“‘ஞாயிறு ஐந்து மணி, ஐயர் வீடு. அவர் மகளைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.’ கேட்டியளா? பாடகர் குழுவுல டார்லின் பக்கத்துல நின்னு இவன் பாடும்போதே நெனச்சேன்.”

“நம்ம சர்ச் ஐயரு பிரசங்கம்னா வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்க. அவரு மவ மட்டும் ஆவாதோ?”

“மவளுக்கு ஒரு கொறையும் இல்ல. அவ அம்மைதான் ஆவாது!”

போன அசனப் பண்டிகையில், சர்ச்சின் பொது விருந்தில், சபையே பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, “சாம்பாருல உப்ப அள்ளிக் கொட்டிட்டாளே சாலோமி” என்று ஐயரம்மா சத்தமாகச் சொல்லிவிட்டார். அந்த உப்பு இன்னும் சாலோமியின் நெஞ்சில் கரிக்கிறது. இருப்பதோ ஒரே மகன். அவனுக்கு டார்லினைக் கட்டி வைத்துவிட்டு, ஆயுசு முழுக்க அந்த அம்மாளுக்குச் சம்பந்தியாக இருப்பதா?

“இன்னும் கேளுங்க. ‘மாமி காபி தந்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது.’ மாமியாம்! அதுக்குள்ள ஐயரம்மா இவனுக்கு மாமியாயிட்டாளா?”

இப்போதுதான் பேப்பர் இறங்கியது.

“அவன்கிட்டயே கேட்டிருவோம்.”

“கேட்டா நோட்டப் படிச்சது தெரிஞ்சிரும்லா. கையும் களவுமா பிடிக்கேன், பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடே கோழிக்குழம்பு மணத்தது. பெனோ ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டான்.

“வயிறு சரியில்லம்மா.”

சாலோமி கணவனைப் பார்த்தாள். கோழியை வேண்டாம் என்று சொல்கிற வயிறா அது? சாப்பிட்டு முடித்ததும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை வந்தது. சீவிய தலையையே திரும்பவும் சீவினான். பைக் சாவியை எடுத்தான்.

“எங்கலே?”

“கூட வேலை பாக்கிறவங்க வீட்டுக்கும்மா. வர ராத்திரியாவும்.”

வண்டி தெருவைத் தாண்டியதும் சாலோமி பொருமினாள். “தெரு முக்குல இருக்கிற ஐயர் வீட்டுக்கு எதுக்கு வண்டி? நம்மள ஏமாத்த ஊரச் சுத்திக்கிட்டுப் போறான்.”

சரியாக ஐந்து மணிக்கு ஐயர் வீட்டு வாசலில் நின்றாள். பெனோவின் பைக்கைக் காணோம். நன்றாகத்தான் ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே ஐயரம்மா புதுச் சேலையில் இருந்தார். மேசையில் கேக் இருந்தது.

“யாரோ வர மாதிரி இருக்கே?” என்று சாலோமி இழுத்தாள்.

“ஞாயித்துக்கிழமைன்னா யாராவது வருவாங்கள்லா. ஒக்காரு சாலோமி.”

சாய்வு நாற்காலியில் இருந்த ஐயரும் சிரித்தபடி வணக்கம் சொன்னார். அந்தச் சிரிப்பிலும் அவளுக்குச் சந்தேகம்தான். அடுத்த அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. டார்லின் மட்டும் வந்தாள்.

“ஆன்ட்டி, பெனோ அண்ணன் வரலியா? போன வாரம் பாட்டுப் புத்தகத்த மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்க.”

அண்ணன்! சாலோமியின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மகன் தப்பித்தான், தானும் தப்பித்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஐயரம்மா தந்த கேக்கில் இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள். பழைய உப்பைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

அப்போது அவள் செல்போன் அடித்தது. பெனோதான்.

“அம்மா, கோவப்படாத. மறந்திரக் கூடாதுன்னு நோட்டுல எழுதி எழுதி வப்பேன். சொல்லத்தான் தைரியம் வராது. இன்னைக்குச் சொல்லிருதேன். நான் இப்ப ஐயர் வீட்டுல இருக்கேன்.”

“பொய் சொல்லாதலே! ஐயர் வீட்டுலதான் நான் இருக்கேன்!”

அந்தப் பக்கம் போன் கைமாறியது. நிதானமான வேறொரு குரல் கேட்டது.

“நமஸ்காரம். கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்துலேர்ந்து ஹரிஹரசுப்பிரமணியன் பேசறேன். ஹம்ஸினியோட அப்பா. உங்க பிள்ளையும் எங்க பொண்ணும் ஒரே பேங்க்ல வேலை பாக்கறா, தெரியுமோ?”

சாலோமியின் கையிலிருந்த கேக் அப்படியே தட்டில் விழுந்தது.

“யாரும்மா போன்ல?” என்று கேட்டார் எதிரே இருந்த ஐயர்.

“ஐயருதான், ஐயரே” என்றாள் சாலோமி.