மஞ்சள் கோடு

இரும்புலியூரில் இருந்த அந்தத் தனியார் ஐ.டி.ஐ.க்கு, இரும்பைக் கடையும் லேத் மிஷின் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி மானேஜர் வந்திருந்தார்.

"என் பொறுப்புல ஒரு பையனுக்கும் நகக்கீறல்கூட பட்டதில்ல சார்" என்றார் லேத் ஆசிரியர் ஏகநாதன். "முன்னாடி இருந்த வாத்தியார் காலத்துல ஒருத்தனுக்கு விரல் போயி, அவரை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துட்டாங்க. அதுலேர்ந்து ரூல்ஸ்ல நாங்க கறார்."

மானேஜர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "லேத்கிட்ட எப்படி நிக்கணும்?"

"சட்டையை டக் பண்ணணும் சார். வாட்ச், மோதிரம் கூடாது. கண்ணாடி போடணும்" என்றார்கள் ஒரே குரலில்.

மானேஜருக்குப் பரம திருப்தி. "எங்களுக்கு இந்த மாதிரிப் பசங்கதான் வேணும். எல்லாரையும் எடுத்துக்கறேன். எங்க, ஒரு இரும்பு ராடை டர்னிங் பண்ணி, கடைஞ்சு காட்டுங்க" என்று அவரே சுவிட்சைப் போட்டார்.

லேத் சுற்ற ஆரம்பித்ததுதான் தாமதம். மொத்த வகுப்பும் தரையிலிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஓடிப்போய்க் கைகட்டி நின்றது.

"ஏம்ப்பா, யாராவது வாங்க!"

"மிஷின் ஓடறப்ப கோட்டைத் தாண்டக் கூடாது சார். ரூலு."

"அப்ப யாருதான் ஓட்டுவீங்க? ஏகநாதன் சார், நீங்களாவது வாங்க!"

பக்கத்தில் அவரைக் காணோம். கோட்டுக்குப் பின்னால் முதலில் போய் நின்றவர் அவர்தான்.